கன்னத்து மங்குக்கு ரோஜா எக்சோசோம் கைகொடுக்குமா?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 43. ஓசூரை அடுத்த பாகலூர்ப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் 19 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இப்போது மேற்பார்வையாளராக இருக்கிறேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. கண்ணோரத்தில் சுருக்கமும் வந்துவிட்டது. மருந்துக்கடையில் கொடுத்த களிம்பை இரண்டு வருடமாகப் போடுகிறேன். போட்டால் வெளுக்கிறது, விட்டால் முன்பைவிடக் கறுக்கிறது. டவுனில் ஓர் அழகு நிலையத்தில் 'ரோஜா எக்சோசோம்' என்ற சீரத்தை நுண்ணூசியால் முகத்தில் ஏற்றினால் தோல் செல்கள் புதிதாகும் என்கிறார்கள். நான்கு தடவைக்கு 36,000 ரூபாய். பயோடெக்னாலஜி படிக்கும் என் மகள், தாவர எக்சோசோம் கொடுத்த தோல் செல்கள் ஆக்சிஜன் தாக்குதலைத் தாங்கிப் பிழைத்ததாக ஓர் ஆய்வுக் கட்டுரையைக் காட்டினாள். இது உண்மைதானா? உண்மை என்றால், எங்கள் பண்ணையில் தினமும் கூடை கூடையாக வீணாகும் ரோஜா இதழையே அரைத்துப் பூசிக்கொள்ளக் கூடாதா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். உங்கள் மகள் காட்டிய கட்டுரை சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அழகு நிலையத்தில் சொன்னது அதிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது இந்த இரண்டும் அல்ல, நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்ட அந்தக் களிம்புதான். நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

எக்சோசோம் என்பது உயிரணு ஒன்று தன்னுள்ளிருந்து வெளியே அனுப்பும் மிக நுண்ணிய கொழுப்புப் பை. அதன் குறுக்களவு ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர். உங்கள் தலைமுடி ஒன்றின் குறுக்கே நூற்றுக்கணக்கான பைகளை வரிசையாக அடுக்கிவிடலாம். 1983-இல் வட அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக் குழுக்கள், முதிர்ந்துவரும் இரத்தச் சிவப்பணுக்கள் தமக்கு இனி வேண்டாத ஒரு புரதத்தை இத்தகைய பைகளில் பொதிந்து வெளியேற்றுவதைக் கண்டன. அவற்றில் ஒரு குழுவை நடத்திய ரோஸ் ஜான்ஸ்டோன் 1987-இல் அவற்றை எக்சோசோம் என்ற பெயரால் குறித்தார். பெயர் வைத்தவரின் பெயரிலேயே ரோஜா இருக்கிறது என்று விற்பவர்கள் இன்னும் கண்டுபிடிக்காதது ஆச்சரியம்தான். நெடுங்காலம் அவை செல்லின் குப்பைப் பைகள் என்றே கருதப்பட்டன. ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்கு ஆர்என்ஏ என்னும் மரபுச் செய்தியையும் அவை சுமந்து செல்கின்றன என்று 2007-இல் ஸ்வீடனில் செய்த ஆய்வு காட்டிய பிறகே, அவற்றைத் தபால் பைகளாகப் பார்க்கும் பார்வை வலுப்பெற்றது.

தாவரங்கள் இந்தப் பைகளை எதற்கு வைத்திருக்கின்றன என்பதை என்னைவிட நீங்கள் எளிதாகப் புரிந்துகொள்வீர்கள். பனி இறங்கும் மார்கழியிலும் தையிலும், காதலர் தின ஏற்றுமதிக்கு மொட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கும் அதே நாட்களில், வெளியிதழில் முதலில் ஊசிமுனைப் புள்ளியாகத் தோன்றி, பிறகு பழுப்பாகப் பரவி, கடைசியில் சாம்பல் நிறப் பஞ்சு போல மூடிக்கொள்ளுமே, நீங்கள் பாட்ரைடிஸ் என்று அழைக்கும் அந்தப் பூஞ்சை, அதை வைத்துத்தான் 2018-இல் கலிபோர்னியாவில் ஒரு முக்கியமான ஆய்வு நடந்தது. அரபிடாப்சிஸ் என்ற சிறு செடி, தன்னைத் தாக்கவரும் இந்தப் பூஞ்சைக்குள் எக்சோசோம் போன்ற பைகளில் சிறு ஆர்என்ஏக்களை அனுப்பி, பூஞ்சையின் நோய் உண்டாக்கும் மரபணுக்களை அடக்குவதை அந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே தாவரத்தின் நுண்பை கட்டுக்கதை அல்ல. ஆனால் அது செடி தன் எதிரிக்கு எழுதிய கடிதம், மனிதக் கன்னத்துக்கு எழுதியது அல்ல. அதில் உள்ள சில சரக்குகள் நமக்கும் பயன்படக்கூடும் என்பதுதான் ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு.

இங்கே பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இஞ்சி, திராட்சை, எலுமிச்சை, கற்றாழை, ஜின்செங் முதலியவற்றிலிருந்து பிரித்தெடுத்ததாகக் கட்டுரைகளில் வருபவற்றில் பல, பழத்தையோ கிழங்கையோ அரைத்துச் சாறெடுத்து, சக்கையை வடித்து, புவியீர்ப்பைப் போல் ஒரு லட்சம் மடங்கு விசையில் சுழற்றும் இயந்திரத்தில் அடியில் தங்கவைத்துப் பிரித்தவை. அரைக்கும்போது செல்லே உடைந்துவிடுவதால், செடி தானாக வெளியே அனுப்பிய பைகளும் உடைந்த செல்லின் உள்ளிருந்து சிதறிய பைகளும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஆதலால் இத்துறையின் பன்னாட்டுச் சங்கம், ஒரு பை எவ்வழியில் உருவானது என்று நிரூபிக்காமல் அதை எக்சோசோம் என்று அழைக்க வேண்டாம், புறச்செல் நுண்பை என்ற பொதுப்பெயரே போதும் என்று தன் வழிகாட்டுதலில் சொல்கிறது. கவனமான ஆய்வாளர்கள் 'எக்சோசோம் போன்ற நுண்துகள்' என்று அடக்கமாக எழுதுகிறார்கள். அந்த 'போன்ற' என்ற சொல் கடை அட்டைப்பெட்டிக்கு வரும்போது காணாமல் போய்விடுகிறது.

இனி உங்கள் மகள் காட்டிய சோதனைக்கு வருவோம். அத்தகைய சோதனைகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கும். தோலின் மேலடுக்கிலிருந்து வந்த, 1988 முதல் ஆய்வகங்களில் வளர்க்கப்பட்டுவரும் ஹகாட் என்ற செல்களையோ, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் நார்களைச் சுரக்கும் உள்ளடுக்குச் செல்களையோ ஒரு தட்டில் ஊட்டத் திரவத்தில் வளர்க்கிறார்கள். சில தட்டுகளில் தாவர நுண்பைகளைக் கலந்து சில மணிநேரம் விடுகிறார்கள். பிறகு எல்லாத் தட்டுகளிலும் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றுகிறார்கள், அல்லது புற ஊதாக் கதிரைப் பாய்ச்சுகிறார்கள். செல்லைச் சேதப்படுத்தும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் துகள்கள் (ஆக்சிஜன் தாக்குதல் என்பது இவற்றின் வேலைதான்) உள்ளே பெருகினால் ஒளிரும் ஒரு சாயத்தை இட்டு, எந்தத் தட்டு எவ்வளவு ஒளிர்கிறது என்று அளக்கிறார்கள். நுண்பை பெற்ற தட்டு குறைவாக ஒளிர்கிறது. அதில் பிழைத்த செல்கள் அதிகம். கொலாஜனை வெட்டும் நொதி குறைவு. முதுமை அடைந்த செல்லைக் காட்டும் நீலக்கறையும் குறைவு. செல்லின் சொந்தப் பாதுகாப்பு நொதிகளை முடுக்கிவிடும் என்ஆர்எஃப்2 என்ற புரதம் விழித்துக்கொண்டதே காரணம் என்று பல கட்டுரைகள் விளக்குகின்றன. நான் இதை நம்புகிறேன். நம்பாமல் இருக்கக் காரணமும் இல்லை.

ஆனால் மகளிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். முதலாவது, நுண்பைகளைச் சோப்புப் போன்ற பொருளால் உடைத்துவிட்டுக் கொடுத்த தட்டும், பைகளை நீக்கிய வெறும் சாற்றைக் கொடுத்த தட்டும் அந்தச் சோதனையில் இருந்தனவா? இல்லையென்றால், காப்பாற்றியது பையா அல்லது பையோடு ஒட்டிவந்த சாதாரணத் துவர்ப்புப் பொருள்களா என்று சொல்ல முடியாது. இரண்டாவது கேள்வி இன்னும் எளியது: அந்தத் தட்டில் இருந்த செல்லுக்கு மேல் என்ன இருந்தது?

ஒன்றும் இல்லை என்பதே விடை. தட்டில் உள்ள செல் அம்மணமாகத் திரவத்தில் கிடக்கிறது. நீங்கள் ஊற்றியது நேராக அதன்மேல் படுகிறது. உங்கள் கன்னத்திலோ உயிருள்ள செல்களுக்கு மேலே இறந்து தட்டையான செல்கள் பதினைந்து இருபது அடுக்காக, இடையிடையே கொழுப்பு பூசி, செங்கல்லும் சாந்தும் போல அடுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன. கொம்படுக்கு எனப்படும் அந்தச் சுவரின் தடிமன் எழுதும் தாளின் தடிமனில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் வெளியுலகம் உள்ளே வராமல் காப்பது அதுவே. டால்டன் என்ற மூலக்கூறு எடை அலகில் 500-க்கு மேற்பட்ட எடையுள்ள மூலக்கூறுகள் நல்ல தோலைக் கடப்பது அரிது என்பது தோல் மருத்துவத்தில் 2000-ஆம் ஆண்டு முதல் பேசப்படும் விதி. விட்டமின் சி-யின் எடை 176. விட்டமின் ஏ வகையான ரெட்டினாலின் எடை 286. நுண்பை என்பது ஒரு மூலக்கூறே அல்ல. பல்லாயிரம் மூலக்கூறுகள் சேர்ந்த மூட்டை, குறுக்களவில் இவற்றைப் போல் ஏறத்தாழ நூறு மடங்கு. முடித்துளை வழியாகக் கொஞ்சம் இறங்கலாம், மேலடுக்கின் கொழுப்போடு கலந்து உள்ளிருப்பதைக் கொஞ்சம் கசியவிடலாம். ஆனால் பை பையாகவே உள்ளே போய்க் கொலாஜன் செல்லின் கதவைத் தட்டும் என்று எண்ண வேண்டாம்.

அதற்கு முன்பே அந்தப் பை உடைந்துபோகவும் வாய்ப்புண்டு. ஆய்வகத்தில் இவற்றைப் பூச்சியத்துக்குக் கீழே 80 டிகிரியில் வைத்துக் காக்கிறார்கள். உறையவைத்து உருக்குவதைத் திரும்பத் திரும்பச் செய்தாலே சிதைகின்றன. கொழுப்பையும் நீரையும் கலக்கவைக்கும் பொருள்கள் அழகுப் பூச்சுகளில் சாதாரணம். அவையோ கொழுப்புறையைக் கரைக்கும் குணமுடையவை. சித்திரை வெயிலில் கூரியர் வண்டியில் வந்து கடை அலமாரியில் மூன்று மாதம் இருந்த குப்பிக்குள் எத்தனை பைகள் முழுதாக இருக்கும் என்று அந்த நிலையத்தாரைக் கேளுங்கள். எண்ணிப் பார்த்த சான்றிதழ் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கொம்படுக்கைக் கடக்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும்; அதனால்தான் நுண்ணூசி. ஊசி குத்தினால் வழி திறக்கும் என்பது சரி. ஆனால் திறந்த வழியில் அந்தச் சீரத்தில் உள்ள எல்லாமே இறங்கும்: வாசனைப் பொருள், கெடாமல் காக்கும் பொருள், செடியின் புரதம், சுத்தமில்லையென்றால் கிருமியும். முகத்தில் பூசுவதற்கென்றே செய்த விட்டமின் சி சீரம் போன்றவற்றை நுண்ணூசித் துளைகளில் பூசியதால் முகத்தில் ஒவ்வாமைக் கட்டிகள் எழுந்த நோயாளிகளைப் பற்றி 2014-இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். பூச்சாக இருக்கும்வரை சாதுவான பொருள், தோலுக்குள் போனால் சாதுவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2019 டிசம்பரில் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், எக்சோசோம் என்று சொல்லிக் கொடுத்த பொருள்களால் நெப்ராஸ்கா மாநிலத்தில் நோயாளிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டதைச் சுட்டி, தான் அங்கீகரித்த எக்சோசோம் பொருள் எதுவும் இல்லை என்று எச்சரித்தது. அவை தாவரத்திலிருந்து வந்தவை அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எனினும் தூய்மை பற்றிய கேள்வி இரண்டுக்கும் ஒன்றே. இதோடு, நம் மாநிறத் தோலில் சிறு காயம் பட்டாலும் அந்த இடம் கறுப்பது வழக்கம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மங்கைப் போக்கப் போய் ஊசிப் புள்ளி புள்ளியாகக் கறுத்து வருவோரை நான் பார்த்திருக்கிறேன்.

மேலும், உங்கள் நோய்க்கும் அவர்கள் விற்கும் மருந்துக்கும் பொருத்தமும் குறைவு. கண்ணோரச் சுருக்கத்தில் ஆக்சிஜன் தாக்குதலுக்குப் பெரும்பங்கு உண்டு. புற ஊதா ஏ கதிர் மேல்தோலைத் தாண்டி உள்ளே இறங்கி, அங்கே அந்தத் துகள்களைப் பெருக்கி, கொலாஜனை வெட்டும் நொதியைத் தூண்டுகிறது. கண்ணாடி அதைத் தடுப்பதில்லை. 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய ஒரு முதியவரின் முகத்தில் ஜன்னல் பக்கம் மட்டும் தடித்துச் சுருங்கியிருந்த படம் 2012-இல் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்தது. அது அமெரிக்கா, அங்கே ஓட்டுநர் இடப்பக்கம் அமர்வார், ஆகவே இடது கன்னம். கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையிலிருந்து என்னிடம் வரும் ஓட்டுநர்களுக்கு வலது கன்னமும் வலது முழங்கையும். ஆனால் மங்கு வேறு கதை. அது நிறமிச் செல்லின் அளவுமீறிய வேலை. கர்ப்பம், கருத்தடை மாத்திரை, குடும்பவாகு, கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சம், சூடு ஆகிய எல்லாம் அதைத் தூண்டும். நீங்கள் ரோஜா வளர்க்கும் பாலிஹவுஸ் என்ற பிளாஸ்டிக் கூடாரத்தின் கூரை வெயிலைப் பரப்பி மென்மையாக்குகிறதே தவிர வெளிச்சத்தைத் தடுப்பதில்லை. உள்ளே புழுக்கமோ வெளியைவிட அதிகம். நிழலில்தானே நிற்கிறோம் என்று நீங்கள் நினைத்திருந்த 19 ஆண்டுகளும் கன்னத்தின் கணக்கில் வெயிலாகவே எழுதப்பட்டிருக்கும்.

ரோஜா இதழை அரைத்துப் பூசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தச் செடிக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை எந்தெந்த மருந்து அடிக்கிறீர்கள் என்ற பட்டியல் உங்கள் கையிலேயே இருக்கிறது. சாப்பிடாத பயிர் என்பதால் மருந்தில் கை தாராளமாகவே இருக்கும். மிக்சியில் அரைத்தால் நுண்பை தனியாகப் பிரிந்து வராது, பூச்சிமருந்து நன்றாகவே வரும். இதே காரணத்தால் வேறு சாறுகளையும் தேடிப் போகாதீர்கள். எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால், அதிலுள்ள ஒரு பொருள் கதிரோடு சேர்ந்து தோலைப் பொசுக்கி மாதக்கணக்கில் கறுப்பை விட்டுச் செல்லும். மாங்காய்ப் பருவத்தில் காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து பால் பட்டு வாயோரம் வெந்துபோய் வருவோர் ஆண்டுதோறும் உண்டு. செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்று தோலுக்கு நட்பாகிவிடாது.

இனி அந்தக் களிம்பு. போட்டால் வெளுத்து, விட்டால் முன்பைவிடக் கறுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பெரும்பாலும் அது ஸ்டீராய்டு கலந்த மூவகைக் கூட்டுக் களிம்பாகத்தான் இருக்கும்: அழற்சியை அடக்கும் ஒரு ஸ்டீராய்டு, நிறத்தை வெளுக்கும் ஹைட்ரோகுவினோன், விட்டமின் ஏ வகையான டிரெட்டினாயின். மருத்துவர் பார்வையில் சில வாரங்களுக்குப் பயன்படுத்தினால் அது நல்ல மருந்துதான். இரண்டு ஆண்டு போட்டால் ஸ்டீராய்டு தோலை மெலியச் செய்யும், கொலாஜன் உண்டாவதை அடக்கும், மெல்லிய இரத்தக் குழாய்களைச் சிவப்பாக வெளியே காட்டும், பருவும் பூனைமுடியும் வரவைக்கும். ஹைட்ரோகுவினோனோ நீண்டகாலப் பயன்பாட்டில் நீலங்கலந்த கறுப்பைப் படியவைக்கக்கூடும். இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியும், கடைகளில் 'முகத்துக்கு நல்ல கிரீம்' என்று கேட்டால் இன்றும் இதுவே கைக்கு வருகிறது. கொலாஜன் செல்லைக் காப்பதற்கு 36,000 ரூபாய் கொடுக்க யோசிக்கும் நீங்கள், அதே செல்லை அடக்கும் பொருளை இரவுதோறும் பூசி வருகிறீர்கள் என்பதுதான் என் கவலை. உங்கள் கண்ணோரச் சுருக்கத்தில் ஒரு பங்கு அதனுடையதாகவும் இருக்கலாம். இப்படி மெலிந்த தோலில் ஊசி படவே கூடாது.

என்றாலும் நாளையே அதைத் தூக்கி எறியாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரிந்து, பயந்துபோய் மீண்டும் அதையே தேட வைக்கும். படிப்படியாகக் குறைத்து நிறுத்த ஒரு தோல் மருத்துவர் வேண்டும். தனியாரிடம்தான் போக வேண்டும் என்பதில்லை. கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் இதைக் கட்டணமின்றிப் பார்ப்பார்கள். கருத்தடை மாத்திரை எடுக்கிறீர்களா, தைராய்டு இருக்கிறதா என்று அங்கே கேட்பார்கள், மறைக்காமல் சொல்லுங்கள்.

அதுவரை நீங்களாகவே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பண்ணைப் பெண்கள் பலர் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பறிக்க வருகிறார்களே, மேற்பார்வையாளர் ஆனதும் அதைக் கழற்றிவிட்டீர்களா? மறுபடியும் போடுங்கள். அகன்ற விளிம்புள்ள தொப்பியும் சேரட்டும். முகத்துக்கு எஸ்பிஎஃப் என்னும் வெயில் காப்பு எண் 30-க்குக் குறையாத, புற ஊதா ஏ கதிரையும் தடுக்கும் சன்ஸ்கிரீன், அதிலும் இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறத்திலேயே இருக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அந்த இரும்புச் சாயம்தான் தடுக்கிறது, மங்குக்கு அது முக்கியம். சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். பொட்டளவு தொட்டுத் தேய்த்தால் அட்டையில் போட்ட எண் கிடைக்காது. வியர்க்கும் வேலை என்பதால் இரண்டு மணிக்கொரு முறை திரும்பப் போட வேண்டும். ஆஸ்திரேலியாவின் நம்பூர் ஊரில் 903 பேரை நாலரை ஆண்டுகள் பின்தொடர்ந்து, தினமும் சன்ஸ்கிரீன் போட்டவர்களின் தோல் முதுமை, விருப்பம்போல் போட்டவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்ததை 2013-இல் வெளியிட்டார்கள். அது தட்டில் வளர்த்த செல்லின் கணக்கு அல்ல, வெயிலில் நடமாடிய மனிதர்களின் கணக்கு. எந்தத் தாவர நுண்பைக்கும் அப்படியொரு கணக்கை நான் இதுவரை பார்த்ததில்லை. வந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன். தோல் தேறிய பிறகு, சுருக்கத்துக்குக் குறைந்த வீரியத்தில் டிரெட்டினாயினைத் தனியாக, ஸ்டீராய்டு இல்லாமல், இரவில் தொடங்கலாம். கர்ப்பத்துக்கு வாய்ப்பிருந்தால் அது கூடாது.

ஊசி இல்லாமல், எக்சோசோம் சீரத்தை வெறும் பூச்சாகப் போட்டால் என்ன என்று மகள் கேட்பாள். ஈரப்பசை தரும் பூச்சாக அது வேலை செய்யலாம். வெளிநாட்டுச் சரக்கென்றால் இந்தியப் பதிவு எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் அட்டையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் களிம்பால் மெலிந்த இந்தத் தோலில் இப்போது புதிதாக எதையும் சோதிக்க வேண்டாம்.

மருத்துவமனைக்குப் போகும்போது அந்தக் களிம்பு டியூபை, தீர்ந்து சுருண்டு போயிருந்தாலும், கையோடு எடுத்துச் செல்லுங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் மூன்று பெயர்களைப் படித்தால்தான் அங்கே மருத்துவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும்.